மூத்த போதகருக்குப் பின் சபையை யாரிடம் ஒப்படைப்பது?

தமிழ்நாட்டில் எந்தத் திருமண்டலத்தையும் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் வட்டாரம்) சேராத சுயாதீன சபைகள் பல, ஒரே விதமாகத்தான் தொடங்கின. ஓர் இளம் ஊழியர், அவருடைய மனைவி, வாடகை வீட்டின் முன்னறை, நான்கைந்து குடும்பங்கள். பிறகு ஓலைக் கொட்டகை, அதன்பின் தகரக் கூரை, கடைசியில் கான்கிரீட் கட்டடம். 1970களிலும் 80களிலும் அப்படித் தொடங்கியவர்கள் இப்போது எழுபதை நெருங்கிவிட்டார்கள், அல்லது தாண்டிவிட்டார்கள். மணிக்கணக்கில் நின்று பிரசங்கித்தவர் இன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார். அவருக்குப் பின் யார் என்ற கேள்வி சபையில் எல்லார் மனத்திலும் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்டால், "பாஸ்டர் ஐயா இன்னும் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அவர் நன்றாக இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவன். இப்போது ஒரு சுயாதீன சபையில் இருக்கிறேன். காணிக்கை எண்ணும் குழுவில் எனக்கும் பொறுப்பு உண்டு. இரண்டு முறைகளையும் உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். எழுபது, எண்பது முதல் இருநூறு குடும்பங்கள் வரை உள்ள சபையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வழிகள் நான்கு. போதகரின் மகனிடம் கொடுப்பது. சபையை ஒரு பெரிய திருச்சபையோடு இணைத்துவிடுவது. சபையிலேயே பொறுப்பான மூத்தவர்கள் சிலரைக் கொண்ட மூப்பர் குழு ஒன்றை ஏற்படுத்தி அதனிடம் ஒப்படைப்பது. சபையார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி, வெளியிலிருந்து ஒரு போதகரை அழைப்பது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூப்பர் குழு, அதன்கீழ் சம்பளம் பெறும் ஒரு போதகர். ஆனால் அந்த வழிக்கும் கேடுகள் உண்டு. எல்லாச் சபைக்கும் அது பொருந்தாது.

எந்த வழியை எடைபோடும்போதும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். பிரசங்கப் பீடம் யாரிடம்? காணிக்கைப் பெட்டி யாரிடம்? நிலப் பத்திரம் யார் பெயரில்? நாம் "தலைமை" என்று மொத்தமாகப் பேசிவிடுவதால் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது இயல்பானதாகத் தோன்றிவிடுகிறது. நிறுவிய போதகரின் காலத்தில் அது இயல்பாக இருந்திருக்கலாம். வாடகை கட்டப் பணமில்லாத மாதங்களில் அவருடைய மனைவியின் நகை அடகுக்குப் போன கதை அநேகமாக எல்லாச் சபையிலும் உண்டு. அந்த நிலையில் யாரும் கணக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அடுத்த தலைமுறைக்கு அந்தத் தியாகம் கைமாறுவதில்லை. அதிகாரம் மட்டும் கைமாறுகிறது.

மகன்

இந்த வழியை எடுத்த எடுப்பில் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போதகரின் மகன் சபைக்குள்ளேயே வளர்ந்தவர். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் கடன், எந்தச் சகோதரரிடம் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பத்து வயதில் கஞ்சிரா தட்டியவர், இருபதில் வாலிபர் கூட்டம் நடத்தியவர், வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டும் வந்திருப்பார். வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு இதெல்லாம் கைவரப் பல ஆண்டுகள் ஆகும்.

மகன் தகுதியற்றவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேதத்திலேயே ஏலியின் பிள்ளைகளும் சாமுவேலின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்குக் கூடுதல் கவலை தருவது வேறு: தகுதியுள்ள மகன் வந்தாலும் ஏற்பாடு கெட்டுப்போகலாம். இரட்சணிய சேனையின் கதை அப்படிப்பட்டது. அதை நிறுவிய வில்லியம் பூத் தமக்குப் பின் ஜெனரல் யார் என்பதை முத்திரையிட்ட உறையில் எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்து வைத்திருந்தார். 1912இல் அவர் மறைந்தபின் உறையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது மூத்த மகன் பிராம்வெல் பூத்தின் பெயர். பிராம்வெல் சோம்பேறியோ ஊழல்காரரோ அல்ல. தகப்பனின் காலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிர்வாகச் சுமை முழுவதையும் தாங்கியவர். ஆனால் 1928இல் அவர் நோயுற்றபோது, ஜெனரலை யாரும் கேள்வி கேட்க முடியாது, அடுத்தவரையும் அவரே எழுதி வைப்பார் என்ற ஏற்பாடு மூத்த அதிகாரிகளுக்குத் தாங்க முடியாததாகிவிட்டது. 1929 ஜனவரியில் உயர் மன்றம் இங்கிலாந்தில் கூடியது. பதவி விலக அவர் மறுத்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் மன்றம் அவரை நீக்கி எட்வர்ட் ஹிக்கின்ஸைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிராம்வெல் இறந்துபோனார்.

அத்தோடும் முடியவில்லை. சேனையின் சொத்துகள் அனைத்துக்கும் ஜெனரல் ஒருவரே அறங்காவலர் என்பதுதான் பழைய ஏற்பாடு. அதைச் சீர்செய்ய 1931இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அடுத்தவரை எழுதி வைக்கும் உரிமை ஒழிந்தது. சொத்து ஓர் அறக்கட்டளை நிறுவனத்துக்கு மாறியது. நாகர்கோவிலில் கேதரின் பூத் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் பெயர் அந்நியமல்ல. அவ்வளவு சேவை செய்த குடும்பமும், பீடமும் பெட்டியும் பத்திரமும் ஒரே கையில் இருந்ததால் இப்படி ஒரு முடிவைச் சந்தித்தது.

நம் ஊரில் பிராம்வெல்கள் நாடாளுமன்றம் வரை போவதில்லை, சார்பதிவாளர் அலுவலகம் வரைதான் போகிறார்கள். நான் படித்துப் பார்த்த சபை அறக்கட்டளைப் பத்திரங்களில் திரும்பத் திரும்ப வரும் ஏற்பாடு இதுதான்: நிறுவியவரே ஆயுட்காலம் வரை நிர்வாக அறங்காவலர், அவருக்குப் பின் மூத்த மகன், மற்ற அறங்காவலர்கள் மனைவியும் மைத்துனரும். வஞ்சகமாக எழுதப்பட்டதல்ல அது. பத்திர எழுத்தர் கையில் இருந்த மாதிரிப் படிவம் அப்படி இருந்தது, அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படிவமே சபையின் சட்டமாகி நிற்கிறது.

அறக்கட்டளையே இல்லாமல் நிலம் போதகரின் சொந்தப் பெயரில் இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போகும். சபையார் செங்கல் சுமந்து கட்டிய ஆலயம் சட்டத்தின் கண்ணில் ஒரு குடும்பச் சொத்து. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கும் ஊழியத்தில் நாட்டமில்லாத இளைய மகனுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் கேட்டால் அது பேராசை ஆகாது. சட்டம் கொடுத்த உரிமை.

ஏன் போதகரின் குடும்பம் விட்டுக்கொடுக்கத் தயங்குகிறது என்பதை யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. போதகருக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது. ஓய்வூதியம் கிடையாது. அவர் குடியிருப்பது சபை வளாகத்துக்குள். நாளைக்கு அவர் கண் மூடினால், நாற்பது ஆண்டுகள் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்திய அம்மா எங்கே போவார்? புதிய போதகர் குடும்பத்தோடு வந்து இறங்கும் வாரத்தில் அவர் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு யார் வீட்டுத் திண்ணையில் நிற்பார்? மகனை நியமிப்பது அந்தக் குடும்பத்துக்கு வாரிசு அரசியல் அல்ல. அவர்களுக்குத் தெரிந்த ஒரே முதுமைப் பாதுகாப்பு அது.

ஆகவே, மகன் வேண்டாம் என்று முடிவெடுக்கும் சபை முதலில் அம்மாவுக்கு வீடு என்ன, மாதச் செலவு என்ன என்று முடிவெடுக்க வேண்டும். நூறு குடும்பங்கள் மாதம் ஐம்பது ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். பதினைந்து ஆண்டில் வட்டி இல்லாமலே 9 லட்சம். இளம் போதகரை இன்று நியமிக்கும் சபை, அவர் பெயரில் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கணக்கு தொடங்கி மாதாமாதம் கட்டினால், அடுத்த முறை இந்தச் சண்டை பாதியாகக் குறையும். வாரிசுப் பிரச்சினையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஓய்வூதியத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை.

மகன் உண்மையிலேயே அழைப்புப் பெற்றவர், சபையும் விரும்புகிறது என்றால் அவரே வரட்டும். ஆனால் பீடத்துக்கு வரட்டும். பெட்டியும் பத்திரமும் அதற்கு முன்பே குடும்பத்துக்கு வெளியே போயிருக்க வேண்டும். மோசே தமக்குப் பின் சபைக்கு ஒரு தலைவர் வேண்டும் என்று கேட்டபோது அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். யோசுவாதான் ஆசாரியனுக்கும் சபை முழுவதற்கும் முன்பாக நிறுத்தப்பட்டார். எல்லாரும் பார்க்க, மோசே உயிரோடு இருக்கும்போதே அது நடந்தது.

பெரிய திருச்சபையோடு இணைவது

இடமாற்றம் என்ற ஒன்று இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது சுயாதீன சபைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சி.எஸ்.ஐ. சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) குருவானவர் சில ஆண்டுகள் இருப்பார், பிறகு மாற்றல் வரும். நல்லவர் போகும்போது ஊரே அழும். பிடிக்காதவரோடு காலம் தள்ளுவதற்கும் ஒரு கெடு உண்டு. ஆலயம் யார் பெயரிலும் இல்லை, டி.டி.டி.ஏ. போன்ற திருமண்டல அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. குருவானவருக்குச் சம்பள விகிதமும் ஓய்வு வயதும் உண்டு. நான் மேலே புலம்பிய மூன்றில் இரண்டு அங்கே எப்போதோ தீர்ந்துபோனவை.

இந்த ஏற்பாடு சுலபமாக வந்துவிடவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவரும் மற்றவர்களும் 1919இல் தரங்கம்பாடியில் கூடிச் சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். அது நிறைவேற இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. பேராயர் வேண்டும் என்றது ஒரு மரபு. சபையாரே போதும் என்றது இன்னொன்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது கிடைத்தது ஒரு கலப்பு: பேராயர் உண்டு, அவரைச் சுற்றி சபையாரின் பிரதிநிதிகள் அமர்ந்த மன்றங்களும் உண்டு. காகிதத்தில் இதைவிடச் சமநிலையான அமைப்பு எனக்குத் தெரியாது.

நடைமுறையில் என்ன நடந்தது என்பதைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருமன்றத் தேர்தல் என்றால் அணிகள், துண்டறிக்கைகள், வேன் ஏற்பாடு, வழக்கு. பள்ளிக்கூட வேலை நியமனம் மன்றத்தின் கையில் இருப்பதால் வாக்குக்கு விலை வந்துவிட்டது. வழக்குகள் பெருகி, 2024இல் சி.எஸ்.ஐ.யின் தலைமை மன்றமான சினாட்டின் நிர்வாகத்தைக் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்கும் நிலை வந்தது. சபை வழக்குகளை அவிசுவாசிகளின் முன் கொண்டுபோகாதீர்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வாசித்து வளர்ந்த நமக்கு இது வலிக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சண்டைகள் அனைத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் ஆகியவற்றைச் சுற்றியே நடக்கின்றன. எண்பது குடும்பங்கள் உள்ள ஒரு கிராமச் சபையில் ஞாயிறு காலை மணி அடிக்கிறது, ஞானப்பாட்டு நடக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை அசனத்துக்கு ஊரே கூடிச் சோறு வடிக்கிறது. மேல்மட்டச் சண்டை அங்கே எட்டுவதற்கு நாளாகும்.

இணைவதில் உண்மையான இழப்பு வேறு. போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும். வழிபாட்டு முறை மாறும். திருநெல்வேலியின் பழைய கதை ஒன்று இதைக் காட்டுகிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் லூத்தரன் மரபினர். அவரை அனுப்பியிருந்தது சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் சங்கம். கிராமங்களில் நடைமுறையில் சபையை நடத்திவந்த உபதேசியார்களை, அதாவது குருப்பட்டம் பெறாத போதனையாளர்களை, குருக்களாக அபிஷேகம் செய்ய வேண்டும் என்றார் அவர். லூத்தரன் முறையில் செய்யலாம் என்பது அவர் நிலை. ஆங்கிலிக்கன் முறைப்படி பேராயர்தான் செய்ய வேண்டும் என்றது சங்கம். 1835இல் அவரை விலக்கியது. சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838இல் அவர் இறந்தபின்தான் பிரிந்தவர்கள் மீண்டும் சங்கத்தோடு சேர்ந்தார்கள். ஊரில் யார் தகுதியானவர் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. தீர்மானிக்கும் அதிகாரம் வேறு எங்கோ இருந்தது. இணையப் போகும் சபை இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்: எங்கள் போதகரைப் பற்றி நாங்கள் சொல்லும் சொல்லுக்கு அங்கே எவ்வளவு எடை இருக்கும்?

பெந்தெகொஸ்தே வழிபாட்டை விட மனமில்லாத சபைகள் அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற அமைப்புகளில் இணையலாம். இன்னொரு முனையில் பெந்தெகொஸ்தே மிஷன் இருக்கிறது. இலங்கையில் 1920களில் தோன்றி, இன்று தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் முழுநேர ஊழியர்கள் விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள், மணம் செய்வதில்லை, சொந்தச் சொத்து வைப்பதில்லை, இடம் மாற்றப்படுகிறார்கள். வாரிசுப் பிரச்சினையை வேரிலேயே வெட்டிய ஏற்பாடு அது. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரியது. குடும்பஸ்தரான போதகரின் கீழ் வளர்ந்த சபை இரவல் வாங்கக்கூடிய முறையல்ல.

மூப்பர் குழு

ரேனியஸிடம் படித்த ஒருவர் வேறு திசையில் போனார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பிரதரன் (குருப்பட்டம் இல்லாமல் சகோதரர்களாகவே கூடும் சபை மரபு) ஊழியரின் தாக்கத்தால், மிஷன் சம்பளம் வேண்டாம் என்று முடிவெடுத்தார். 1840களின் தொடக்கத்தில் கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கினார். 1860இல் அங்கே எழுந்த எழுப்புதலை ஒரு வெள்ளைக்கார மிஷனரி நடத்தவில்லை, ஒரு பேராயரும் நடத்தவில்லை. ஊர்க்காரர்களே நடத்தினார்கள். அடுத்த நூற்றாண்டில், 1941இல் சென்னையில் பக்த் சிங் தொடங்கிய சபைகளும் உள்ளூர் மூப்பர்களை நம்பியே பரவின. தலைமை உள்ளூரில் முளைக்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஏறத்தாழ இருநூறு ஆண்டு அனுபவம் இருக்கிறது.

நான் இந்த முறையை விரும்புவதற்குக் காரணம் எளிது. ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் தடுமாறினால் நான்கு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் இறந்தால் சபை அநாதையாவதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மளிகைக் கடைக்காரர், செவிலியர், மின்வாரிய ஊழியர் என்று உலகத்தோடு புழங்குகிறவர்கள் முடிவெடுக்கும் மேசையில் இருக்கிறார்கள். மோசேயின் மாமனார் எத்திரோ வந்து, காலை முதல் மாலை வரை ஒருவனே நியாயம் தீர்த்துக்கொண்டிருந்தால் நீயும் தளர்ந்துபோவாய், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்றாரே, அந்த அறிவுரையின் நேர்வழி இதுதான்.

கேடுகளைச் சொல்கிறேன். மூப்பர்கள் பெரும்பாலும் பணமுள்ளவர்களாகவும் ஒரே சாதிக்காரர்களாகவும் ஆகிவிடுவார்கள். இதை மூடி மறைக்க வேண்டாம். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று வாசித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் வேலி போட்ட ஊர்கள் நம்முடையவை. வாக்கெடுப்பு இல்லாமல், இருக்கும் மூப்பர்களே அடுத்த மூப்பரைச் சேர்த்துக்கொள்ளும் முறையில், சம்பந்திகள் மட்டுமே உள்ளே வருவார்கள். போதகர் ஒருவரின் அதிகாரத்திலிருந்து தப்பி, ஐந்து மாமன் மச்சான்களின் அதிகாரத்தில் விழுந்த சபையை நான் அறிவேன். அதைவிடப் பழைய போதகரே மேல் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஆறாம் அதிகாரத்தை இந்தக் கோணத்தில் வாசித்துப் பாருங்கள். அன்றாட விசாரிப்பில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. சபையார் ஏழு பேரைத் தெரிந்துகொள்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர் என்று ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தி விசாரிப்பு போகிறது. நம் சபைகளில் மூப்பர்களைத் தேடும்போது, யார் நன்றாகக் கொடுக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், யார் இதுவரை கேட்கப்படவில்லை என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கேடு, பிரசங்கம் மெலிந்துபோவது. ஞாயிறுதோறும் ஆளுக்கொரு செய்தி என்று முறை வைத்தால், வேதத்தை ஊன்றிப் படிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நோயாளியின் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போக மளிகைக் கடைக்காரரால் முடியாது. அதனால்தான் சம்பளம் வாங்கும் போதகர் ஒருவர் வேண்டும் என்கிறேன். அவரும் மூப்பர்களில் ஒருவராக மேசையில் அமர்வார். பிரசங்கத்திலும் சந்திப்பிலும் முதல்வர், கணக்கில் அவருக்குக் கையெழுத்து இல்லை.

கணக்கு எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். ஆராதனை முடிந்ததும் பெட்டி ஆலயத்துக்குள்ளேயே திறக்கப்படுகிறது. உறவில்லாத மூன்று பேர் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். நோட்டுகளைத் தாள்வாரியாக அடுக்கி, சில்லறையைப் பத்துப் பத்தாக நிறுத்தி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொகை எழுதி மூவரும் கையெழுத்திடுகிறார்கள். ஒரு பிரதி அறிவிப்புப் பலகையில். திங்கட்கிழமை மாலைக்குள் பணம் வங்கியில். இருபது நிமிட வேலை. இதைச் செய்யும் சபையில் போதகர் மீது யாரும் கல்லெறிய முடியாது. அவர் தூங்கப் போகும்போது நிம்மதியாகப் போகலாம். போதகரை நம்பாததால் இதைச் செய்கிறோம் என்று சிலர் வருந்துகிறார்கள். போதகரை நேசிப்பதால்தான் செய்ய வேண்டும்.

தேர்தல் கமிட்டி

சுருக்கமாகச் சொல்கிறேன். சபையை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவுசெய்து, உறுப்பினர் பதிவேடு வைத்து, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கமிட்டியைத் தேர்ந்தெடுத்துக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது. சட்டப்படி இதைவிட வெளிப்படையான முறை இல்லை. படித்தவர்களும் மாதச் சம்பளக்காரர்களும் நிறைந்த நகரச் சபைக்கு நன்றாகப் பொருந்தும்.

எண்பது குடும்பச் சபையில் தேர்தல் வைத்தால் தோற்றவர் எங்கே போவார்? அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார வேண்டும், அதே தெருவில் நடக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் காயத்தைத் திறக்க எனக்கு மனமில்லை. அழைத்து வரப்பட்ட போதகரும் கமிட்டியின் முகம் பார்த்தே பேசுவார். வட்டிக்கு விடுகிறவர் செயலாளராக இருக்கும் சபையில் வட்டியைப் பற்றி எப்படிப் பிரசங்கிப்பது?

பெண்கள் எங்கே?

நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது இதை விட்டுவிட்டால் ஒப்பீடு முழுமையாகாது. ஞாயிறு ஆராதனையில் எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் பெண்கள். உபவாசக் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். சி.எஸ்.ஐ. 1976இலேயே ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். இந்த விஷயத்தில் பெரிய திருச்சபை நம்மைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. பிரதரன் மரபில் வந்த மூப்பர் முறையோ பெண்களை மேசைக்கே அழைப்பதில்லை. நான் பரிந்துரைக்கும் வழியின் பெரிய குறை இது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். அந்த மரபை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் சுயாதீன சபைக்கு இல்லை. மூப்பர் குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் என்று விதியிலேயே எழுதலாம். சில சபைகளில் இது வேதப் பிரச்சினையாக எழும் என்பது தெரியும். அங்கேயும் கணக்கு எண்ணும் குழுவிலும் விதவைகள் உதவியைத் தீர்மானிக்கும் குழுவிலும் பெண்கள் அமர எந்த வசனமும் தடையில்லை.

எந்தச் சபைக்கு எது?

முப்பது குடும்பங்களுக்குக் குறைவான சபை, பொறுப்பெடுக்க நான்கு பேர்கூட இல்லை என்றால், பெரிய திருச்சபையோடு இணைவதே நல்லது. தனியாக நின்று தேய்ந்துபோவதில் பெருமை ஒன்றுமில்லை. நகரத்தில் முந்நூறு குடும்பம், ஏற்கெனவே தணிக்கை செய்த கணக்கு என்றால் தேர்தல் கமிட்டியை யோசிக்கலாம். மகன் ஏற்கெனவே பத்து ஆண்டுகளாக இணைப் போதகராக உழைத்து, சபையின் நம்பிக்கையையும் பெற்றிருந்தால் அவரை ஒதுக்குவது அநியாயம். இடைப்பட்ட சபைகளுக்கு மூப்பர் குழு.

எந்த வழியானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் பத்திரம். தனிப்பெயரில் உள்ள நிலத்தை, குடும்பத்தார் சிறுபான்மையாக இருக்கும் அறக்கட்டளைக்கு அல்லது பதிவுபெற்ற சங்கத்துக்கு மாற்றுவது. முத்திரைத் தீர்வை கணிசமாக வரும். அதற்குத் தனியாக நிதி திரட்ட வேண்டியிருக்கும். போதகர் தம் கைப்பணத்தைப் போட்டிருந்தால் அதைக் கணக்கிட்டுத் திருப்பித் தருவதும் இதே சமயத்தில். இரண்டாவது, போதகருக்கும் அம்மாவுக்கும் ஓய்வுக்கால வீடும் மாதப்படியும், எழுத்தில். மூன்றாவது, பெட்டி. ஆள் யார் என்பது நான்காவதுதான். பெரும்பாலான சபைகள் நான்காவதிலிருந்து தொடங்கி அங்கேயே உடைந்துபோகின்றன.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் காலம் முழுவதும் மூத்த போதகர் பக்கத்தில் இருந்து புதியவர்களைச் சபைக்கு அறிமுகப்படுத்தினால், அதைப் போன்ற உதவி வேறில்லை. மாற்றம் முடிந்தபின் அவர் சிறிது காலம் வேறு சபைகளுக்குச் செய்தி கொடுக்கப் போய்வருவதும் நல்லது. அவர் முன்வரிசையில் இருக்கும்வரை சபையார் புதியவரின் பேச்சைக் கேட்டுவிட்டு ஐயாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பாஸ்டர் ஐயா இந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை என்றால்? கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற மூத்தவர்கள் இரண்டு பேர் போகட்டும், அம்மாவும் உடன் இருக்கும் நேரமாகப் பார்த்து. பதவியைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். "ஐயா, உங்களுக்குப் பின் அம்மா எங்கே இருப்பார்கள் என்று சபை எழுதிக் கொடுக்க விரும்புகிறது, அதற்கு நிலத்தின் பத்திரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். பத்திரம் மேசைக்கு வந்துவிட்டால் மற்றதை அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்.